கடிக்காத கொசு

இடது கையை முழங்கை வரை கூண்டுக்குள் விட்டுவிட்டு, வலது கையால் மூக்கைச் சொறிந்துகொண்டாள். வலைக்கு உள்ளே கை கறுத்துப் போயிருந்தது. தோல் தெரியாத அளவுக்குக் கொசுக்கள் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"அக்கா, போதும்னா சொல்லுங்க, நான் வரேன்," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. வேலைக்குப் புதிது. கையை உள்ளே விடும்போது இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறவள்.

"இரு. கடைசிப் பந்தி இன்னும் எழுந்திரிக்கல."

வயிறு நிறைந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய், சிவப்பு மணிகளைப் போலக் கூண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டன. இரண்டு பறக்க முடியாமல் கீழே விழுந்தன. அவற்றின் மேல் பட்டுவிடாமல் கையை மெதுவாக வெளியே எடுத்தாள். சோப்பு போட்டுக் கழுவினாள். சிவப்புப் புள்ளிகள் இருந்தன, வீக்கம் இல்லை. கையைத் திருப்பிப் புதியவளிடம் காட்டினாள், புது வளையல் போட்டவள் காட்டுவது போல.

தெருவில் அவளுக்குக் கொசுக்காரி என்று பெயர். அதை முதலில் வைத்தது கணவன்தான். தெருமுனையில் இரண்டு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். வண்டி விட வந்தவர்களிடம் அவன் விளையாட்டாகச் சொன்னது, ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் போய்விட்டது. அவள் கோபப்படவில்லை. பால்காரர் கதவைத் தட்டி "யாரு வீடு?" என்று கேட்டால், "கொசுக்காரி வீடுதான், வைங்க" என்று உள்ளிருந்தே சொல்வாள்.

அதற்கு முன்னால் தையல் கம்பெனியில் பொத்தான் பார்ப்பவளாக இருந்தாள். சட்டை வரும், பொத்தானைத் திருகிப் பார்க்க வேண்டும், சட்டை போகும். கம்பெனி ஒரு நாள் கதவைச் சாத்தியது. யாரோ சொல்லி இந்த ஆய்வகத்துக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். நாடி பார்க்கும் டாக்டர் இல்லை, பூச்சிகளைப் படித்த டாக்டர்.

"கொசு கடிச்சா உங்களுக்கு வீங்குமா?"

"வீங்காதுங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"எங்க வீட்டுல கடிக்காத நாளே கிடையாதும்மா."

அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான். ரத்தம் இல்லாமல் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வேலை இல்லை. அங்கே வளர்வது ஊர்க் கொசு அல்ல. அதன் மரபணுவில் ஒரு துண்டைச் சேர்த்திருந்தார்கள். தண்ணீரில் ஒரு மருந்து கலந்தால்தான் அதன் புழு பிழைக்கும். வெளியே அந்த மருந்து கிடையாது. இங்கே வளர்ந்த ஆணை வெளியே விட்டால் அது ஊர்ப் பெண்ணைத் தேடிப் போகும். முட்டை வரும், புழு வரும், கொசுவாகாது. காய்ச்சலைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிற கூட்டம் குறையும்.

இதை அவள் கணவனுக்கு விளக்கிய இரவு, அவன் தட்டில் கை வைத்தபடி யோசித்தான்.

"அப்போ ஆம்பளைங்களை வச்சு ஏமாத்தறீங்க."

"ஏமாந்துபோறது பொம்பளைங்கதான்."

"அது எங்கேயும் நடக்கறதுதானே," என்றான் அவன்.

"அதான், சம்பளம் குடுத்து நடத்தறாங்க."

வேலையில் அவளுக்குப் பிடித்தது கை கொடுப்பது அல்ல, பிரிப்பது. தட்டுகளில் வளரும் புழுக்கள் கடைசியில் கூட்டுப்புழுவாகும். காற்புள்ளி போல வளைந்து, தண்ணீரில் குட்டிக்கரணம் போடும். இரண்டு கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். நடுவில் இடைவெளி, மேலே அகலம், கீழே குறுகல். தண்ணீரோடு கூட்டுப்புழுவை ஊற்றி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருக வேண்டும். பெரியவை மேலே நிற்கும், அவை பெண். சின்னவை கீழே இறங்கும், அவை ஆண். நடுவே ஒரு கோடு தானாக விழும். அந்தக் கோடு விழும்போது அவள் மூச்சை நிறுத்திக்கொள்வாள். "பொத்தான்ல இந்தச் சுகம் கிடையாது," என்று புதியவளிடம் சொல்லியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கல்லூரியில் படிக்கிற பெண், வளர்ந்தவள், கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தோலில் சிவப்புப் பொரிகள். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்களிலும் இதே காய்ச்சல். அவள் தெருக்காரர்களே இரண்டு பேர் இருந்தார்கள். மகள் பிழைத்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் வார்டு டாக்டர் சொன்னார்:

"இதுல பல வகை இருக்கு. அடுத்த தடவை வேற வகை வந்தா, முதல் தடவையைவிட மோசமா போகலாம். ஜாக்கிரதையா பாத்துக்குங்க."

"எப்படிங்க பாத்துக்கறது?"

"கொசு கடிக்காம."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு அவளையும் எழுப்பி அழைத்துவந்தான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அடுத்த மழை வருவதற்குள் தன் தெருவில் கொசுக்களை விட வேண்டும். பக்கத்துப் பேட்டைகளில் விடத் தொடங்கியாயிற்று. ஆனால் தெருக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் எந்தத் தெருவிலும் விடக் கூடாது என்பது விதி. அவள் தெரு ஒப்புக்கொள்ளவில்லை.

கூட்டம் ஒரு அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் நடந்தது. டாக்டரம்மா படம் போட்ட அட்டையைத் தூணில் சாய்த்து வைத்தார்.

"இந்தக் கொசு கடிச்சா நம்ம மரபணுவும் மாறிடுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"நாங்க விடறது ஆண் கொசு மட்டும்தாங்க. ஆண் கடிக்காது."

"ஆம்பளை கடிக்காதுன்னு யாரு சொன்னது? எங்க வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்க," என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண்மணி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"கொசுவை வளர்க்கறதே இவ புருஷன் பட்டறை டயருங்கதான். வீட்டுக்காரன் வெளியில வளர்க்கறான், வீட்டுக்காரி உள்ளே வளர்க்கறா," என்றது இன்னொரு குரல்.

"டயரை எல்லாம் எப்பவோ கவுத்துட்டேன்," என்று கணவன் கத்தினான்.

அப்போது மருந்துக்கடைக்காரர் எழுந்தார். தெரு நடுவில் கடை. அதிகம் பேசாதவர். அவர் எழுந்ததும் மற்றவர்கள் அடங்கினார்கள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"இது வரைக்கும் பண்ண ஆய்வுல அப்படி எதுவும் ஆகலைங்க."

"ஆகுமான்னு நான் கேக்கல. ஆச்சுன்னா யாருன்னு கேட்டேன்."

"அதுக்கு ஒரு குழு இருக்கு சார்."

"குழுன்னா யாரு? ஒரு மூஞ்சியைக் காட்டுங்க. அது போதும் எனக்கு."

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். அட்டையில் மூஞ்சி எதுவும் இல்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவிக்கு மூட்டு வீங்கி விரல்கள் மடங்காமல் போனபோது, புதிதாக வந்த ஒரு ஊசியை டாக்டர் எழுதினார். உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் மருந்து. அது இவர் கடைக் குளிர்பெட்டியிலேயே இருந்தது. மனைவி தயங்கினாள். "நல்ல மருந்து, நான் சொல்றேன், போட்டுக்க" என்று இவர்தான் ஐஸ் வைத்த டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போனார். விரல்கள் மடங்கின. ஆனால் நெஞ்சுக்குள் அடங்கிக் கிடந்த காசநோய் எழுந்துகொண்டது. பிழைத்தாள். இன்றைக்கும் ஒரு மாடி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். இவர் கம்பெனிக்கு எழுதினார். மருந்தால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். வேறொருவர் கையெழுத்தில் அதே பதில். பிறகு ஒரு நாள் புதிதாக வந்த ஊசிப் பெட்டியைப் பிரித்து உள்ளிருந்த குறிப்புத் தாளை விரித்தபோது, காசநோய் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுப் போடவும் என்று ஒரு வரி கூடியிருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே பல தடவை படித்தார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்தார்.

கொசுக்காரிக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. வந்ததும் போய்விட்டது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன் என்று கணவனிடம் சொன்னாள். "அப்புறம் என்ன செய்யப் போறே?" என்றான் அவன். "கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், மாடிப்படியில், பட்டறை வாசலில். கடைசியில் தெருவின் குடியிருப்போர் சங்கம் ஒரு விஷயத்துக்கு இறங்கி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொசுக்களைத் தெருவுக்குக் கொண்டுவரட்டும். எல்லோர் முன்னாலும் கையை விட்டுக் காட்டட்டும். அது சரியாக இருந்தால் அன்றைக்கே திறந்துவிடலாம்.

கையை விட்டுக் காட்டுவது ஆய்வகத்தின் வழக்கம்தான். ஆண் கொசுக்கள் நிறைந்த கூண்டில் யாரையாவது கையை விடச் சொல்வார்கள். கொசுக்கள் கைமேல் உட்காரும், நடக்கும், போகும். ஒன்றும் கடிக்காது. அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கான கொசுவை நானே வளர்க்கறேம்மா," என்று டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இதில்தான் தவறு நடந்தது. ஒரு தட்டில் எவ்வளவு புழு விடலாம் என்று ஒரு அளவு இருக்கிறது. அவளைவிட நன்றாக அதை அறிந்தவர் அந்த அறையில் இல்லை. ஆனால் தன் தெருவுக்குப் போகிற கூண்டுகள் மற்றத் தெருக்களுக்குப் போனவற்றைவிட நிறைந்து இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கல்யாண வீட்டில் தன் வீட்டுச் சீர்த்தட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பது போல. ஒவ்வொரு தட்டிலும் இன்னும் கொஞ்சம் விட்டாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். நெருக்கடியில் தீனி போதாமல் புழுக்கள் சின்னதாக வளர்ந்தன. எல்லாமே சின்னது, பெண்ணும்தான். கண்ணாடிப் பலகையில் ஊற்றியபோது கோடு விழுந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக விழுந்தது. பார்த்தாள். கண் களைப்பு என்று நினைத்துக்கொண்டு திருகைத் திருகினாள்.

ஞாயிறு காலை தெருவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரோ குடையோடு வந்திருந்தார்கள், வெயிலுக்கா கொசுவுக்கா என்று தெரியவில்லை. மகள் மாடியில் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள். டாக்டரம்மா பேசி முடித்து, "யாராவது வந்து கையை விடலாம்" என்றார். யாரும் எழவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் கடைப் படியிலேயே நின்றிருந்தார். அவர் மனைவி கடைக்குள் நாற்காலியில் இருந்தாள்.

"அண்ணே, நீங்க வாங்க," என்றாள் கொசுக்காரி.

"முதல்ல நீங்க விடுங்க. உங்க கொசு, உங்க கை."

"அது சரி. பந்தியில சமைச்சவங்க முதல்ல சாப்பிட்டா நம்பிக்கை வரும்," என்று யாரோ சொல்லச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலையின் வாயை அவிழ்த்து, இடது கையை உள்ளே விட்டாள்.

கொசுக்கள் எழுந்து சுற்றின. சில கையில் உட்கார்ந்தன. குழந்தைகள் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்கள். கூட்டம் நெருங்கியது. யாரோ கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள்.

"பாருங்க, உட்காருது. அவ்வளவுதான். கடிக்கத் தெரியாது. அதோட வாய் பூவுல தேன் குடிக்கத்தான்…"

அவள் பேச்சு நின்றது.

மணிக்கட்டுக்கு உள்பக்கம். வலி என்று சொல்ல முடியாது. மற்ற யாருக்கும் உறைத்திருக்காது, உறைத்தாலும் அரிப்பு என்று விட்டிருப்பார்கள். அவளுக்கு அது தெரியும். வேலை நாளெல்லாம் அந்தக் கையில் அதைத்தான் வாங்குகிறாள். கையைக் கொஞ்சம் திருப்பினாள். ஆணுக்குத் தலையில் இருக்கும் இறகு போன்ற தூவி இல்லாத ஒன்று, பின்கால்களைத் தூக்கிக்கொண்டு, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. வயிறு இன்னும் சிவக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவள் உடம்புதான் மறைத்துக்கொண்டிருந்தது.

நெருங்கிக் கிடந்த தட்டுகள் அப்போது நினைவுக்கு வந்தன. மங்கலாக விழுந்த கோடும்.

நிமிர்ந்து பார்த்தாள். கூட்டம் காத்திருந்தது, நல்ல மனத்தோடுதான் காத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றால் போதும், ஒப்புக்கொண்டுவிடுவார்கள். மாடியில் மகள், தெருவே பார்க்க முதல் தடவையாக, அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"கடிச்சிடுச்சு," என்றாள் கொசுக்காரி.

"என்னது?"

"கடிச்சிடுச்சுங்க. இதுல பொம்பளைக் கொசு இருக்கு. இன்னைக்குத் திறக்க முடியாது."

கையை வெளியே எடுத்து வலையை இறுக்கிக் கட்டினாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். ஒரு சின்னப் புள்ளி. பார்க்க எதுவுமே இல்லை.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், குழந்தைங்களை உள்ளே கூட்டிட்டுப் போங்க, கொசுக்காரியையே கொசு கடிச்சிடுச்சுடா. குடைக்காரர் குடையை விரித்தே விட்டார்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "ஒண்ணு ரெண்டு கலந்துடறது நடக்கறதுதான். அதுக்கு ஒரு அளவு அனுமதி இருக்கு" என்றார்.

"இருக்கும்மா. ஆனா வீடு வீடாக் குடுத்த நோட்டீஸ்ல கடிக்காதுன்னுதானே போட்டிருக்கோம்."

"இதுக்கெல்லாம் யார் பொறுப்பு?" என்று சங்கத் தலைவர் குரலை உயர்த்தினார்.

"நான்தாங்க," என்றாள்.

சத்தம் சட்டென்று குறைந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நம்ம தெருவுக்குன்னு நிறைய வரணும்னு தட்டுல நெருக்கி வளர்த்தேன். நெருக்கினா பொட்டைங்க சின்னதா வரும், ஆம்பளையோட கலந்துடும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பண்ணேன். இது கடிச்சா காய்ச்சல் வராது, உள்ளேயே பொறந்து வளர்ந்தது. ஆனா கடிக்காதுன்னு சொல்லிட்டுக் கடிக்கறதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன். தப்பு எங்க பக்கம்தான். எங்கன்னு கூட்டத்தோட சேத்துச் சொல்லலை, என் பக்கம்."

கூண்டுகளை அவளே ஒவ்வொன்றாகத் தூக்கி ஆய்வக வண்டியில் வைத்தாள். கணவன் உதவ வந்தான். "விடு, நான் எடுத்துக்கறேன்" என்றாள். மருந்துக்கடைக்காரர் படியிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சிக்னலில் நின்றபோது, "எனக்குக் கோபம் வருது" என்றார்.

"வரட்டும்மா. நியாயம்தான்."

"உங்க மேல மட்டும் இல்ல. ஒரு பெண் கூட இருக்காதுன்னு யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நோட்டீஸ்ல அப்படி எழுதினேன். விளக்கிச் சொன்னா பயப்படுவாங்கன்னு."

ஆய்வகத்தில் கூண்டுகளை உறைபெட்டியில் வைத்து, கொசுக்கள் அடங்கிய பிறகு வெள்ளைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியில் பிரித்தார்கள். அனுமதித்த அளவைவிட அதிகமாகவே பெண் கொசுக்கள் இருந்தன. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கைபேசியோடு நடுக்கூடத்தில் நின்றிருந்தாள்.

"எல்லார் போன்லேயும் அந்த வீடியோ வந்துடுச்சு. பாட்டு வேற போட்டிருக்காங்க."

"நல்ல பாட்டா?"

"விளையாடாதேம்மா. யாருக்குமே தெரியலை. நீ சொல்லாம இருந்திருந்தா திறந்திருப்பாங்க. எனக்காகத்தானே இவ்வளவும் பண்ணே? அப்புறம் நீயே எதுக்குக் கெடுத்தே?"

"நீ படுக்கற அறைக்குள்ள வந்திருக்கும்டி அது."

"வந்தா என்ன? அது கடிச்சா காய்ச்சல் வராதுன்னு நீதானே சொல்றே."

"வராது. ஆனா நீ என்கிட்ட வந்து, அம்மா கடிச்சிடுச்சுன்னு சொல்லுவே. அதுக்கு நான், இல்லைடி, அது ஊர்க் கொசுன்னு பொய் சொல்லணும். அதைத்தான் அங்கே நின்னு யோசிச்சேன். எனக்கு வாய் வரலை."

மகள் கைபேசியைக் கீழே வைத்தாள். அம்மாவின் அந்தக் கையை இழுத்துப் பார்த்தாள். புள்ளி மறைந்துவிட்டிருந்தது.

கணவன் பட்டறையிலிருந்து வந்தான். கை கழுவாமலேயே பேச ஆரம்பித்தான். "இன்னைக்கு ஒருத்தன், உன் பொண்டாட்டி மானத்தை வாங்கிட்டாளேன்னான். நான் கேட்டேன், உன் கம்பெனியில தப்பு நடந்தா மேடை போட்டுச் சொல்வியாடான்னு. வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"வேலை முடிஞ்ச வண்டியா?"

"பாதிதான். பிரேக் இல்லை. திரும்பி வருவான்."

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மருந்துக்கடைக்காரரும் மனைவியும். அந்த அம்மாள் வாசற்படி ஏறியதும் நின்று மூச்சு வாங்கினாள். கொசுக்காரி ஓடிப்போய் நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டாள்.

"உட்காருங்கக்கா. நான் வந்திருப்பேனே."

"நடந்து பழகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கிளம்பு, அவங்க வீட்டுக்குத்தான் போகணும்னு இவரை இழுத்துக்கிட்டு வந்தேன். காலையில இருந்து மனுஷன் ஒரு வாய் சாப்பிடலை."

மருந்துக்கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார்.

"வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க அண்ணே. நாளைக்குத்தான் தெரியும்."

"இத்தனை வருஷமா நான் கேட்டது ஒரு ஆளைத்தான். பணம் கேக்கலை. யாராவது ஒருத்தர், ஆமா எங்க மருந்துலதான் அப்படி ஆச்சுன்னு எதிர்ல நின்னு சொல்லணும்னு. காகிதம்தான் வந்தது." அவர் மனைவியைப் பார்த்தார். "போட்டுக்கன்னு சொன்னது நான். நானாவது இவகிட்டே சொல்லியிருக்கணும். நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்லலை."

"இப்பதான் சொல்லிட்டீங்களே," என்றாள் அந்த அம்மாள். "அதுவும் அடுத்தவங்க வீட்டு வாசல்ல." அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலானது. மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நான் ஒத்துக்கறேன்னு நினைச்சுக்காதீங்க," என்றார் அவர். "மரபணுவை மாத்தற வேலை எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும் அண்ணே."

"ஆனா அடுத்த தடவை கொண்டுவந்தீங்கன்னா, என் கடை வாசல்ல வைங்க. முதல் கை நான் விடறேன். கடிச்சா தெருவே கேக்கற மாதிரி திட்டுவேன்."

"திட்டுங்க."

"நீங்கதான் கொண்டுவரணும். வேற ஆளை அனுப்பினா நான் வரமாட்டேன். அதை உங்க டாக்டரம்மாகிட்டே சொல்லிடுங்க."

அவர்கள் போகும்போது அந்த அம்மாள் கொசுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். தெரு நடு வரைக்கும் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். கொசுக்காரி யாரையும் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அந்த அம்மாளின் நடைக்குத் தக்கபடி, ஒவ்வொரு வாசலாக, நிமிர்ந்து மெதுவாக நடந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான பேருந்தில் போனாள். நின்றுகொண்டுதான் போக வேண்டியிருந்தது. டாக்டரம்மா நடந்ததை எழுதி மேலே அனுப்பியிருந்தார். விசாரிக்க ஒருவர் மதியம் வந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எச்சரிக்கை கொடுத்தார்கள், வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த மாதம் முழுக்கப் பிரிக்கிற வேலையில் அவளோடு இன்னொருவரும் நின்று பார்க்க வேண்டும் என்றார்கள். புதியவளை நிறுத்தினார்கள். நோட்டீஸை மாற்றி எழுத டாக்டரம்மா உட்கார்ந்தார். அவள் தெருவுக்கு எப்போது மறுபடி போவது என்பதை அன்றைக்கு முடிவு செய்யவில்லை. சாயங்காலம் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வரும் வழியில் மகளுக்குக் கொசுவலை வாங்கினாள். கட்டிலுக்கு அது கொஞ்சம் நீளமாக இருந்தது. ஓரத்தை மடித்துத் தைத்தாள்.